ஜன்னல் திறக்குமா?

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட பயணத் திட்டத்தை அக்காவிடம் காட்டினேன். சுவிட்சர்லாந்தின் சூரிக் விமான நிலையத்தில் தொடங்கி இத்தாலியின் மிலானில் முடியும் பதினோரு இரவு ரயில் பயணம். எக்செலில் நாற்பத்தேழு வரிகள். எந்த ஊரில் எத்தனை மணிக்கு இறங்குகிறோம், அடுத்த வண்டிக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது, எல்லாம் நிறம் பிரித்து வைத்திருந்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை பொறுமையாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்த வண்டியிலெல்லாம் ஜன்னல் திறக்குமாடா?"

எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தேழு வரியில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அக்காவுக்கு அறுபத்தேழு வயது. இடது முழங்கால் ஒத்துழைக்காது. பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் பூகோளம் நடத்தியவள். ஆல்ப்ஸ் மலையைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பாள் என்று கணக்கில்லை, நேரில் பார்த்ததில்லை. நான் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே திட்டம் போடுவது என் வேலை, அதில் ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலை என்று தானாகவே பிரிந்துவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனதில்தான் என் திட்டம் முழுசாகக் கலைந்தது. நான் வரைந்திருந்தது பெயர் பெற்ற வண்டிகளைக் கோத்த மாலை. செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை கிளேசியர் எக்ஸ்பிரஸ், கூரிலிருந்து எல்லை தாண்டி இத்தாலியின் திரானோ வரை பெர்னினா எக்ஸ்பிரஸ். (Chur என்ற எழுத்தைப் பார்த்து ரொம்ப நாள் 'சூர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். 'கூர்' என்பதுதான் சரி.) இந்த இரண்டிலும் ஜன்னல் பெரிது. கூரை வளைவு வரை கண்ணாடி ஏறியிருக்கும். ஆனால் திறக்காது. படம் எடுத்தால் எதிர் வரிசைக்காரரின் சிவப்புச் சட்டையும் சேர்ந்து பனிமலையில் தெரியும்.

திட்டத்திலிருந்து கிளேசியர் எக்ஸ்பிரஸ் முதலில் போயிற்று. 291 பாலம், 91 சுரங்கம், சுமார் எட்டு மணி நேரம். உலகிலேயே மெதுவான எக்ஸ்பிரஸ் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். "எட்டு மணி நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள்ளயா? நான் என்ன மீனா?" என்றாள். அதோடு செர்மாட்டும் போயிற்று. எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பெர்னினாவை விட எனக்கு மனசில்லை. அந்தப் பாதை 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஓஸ்பிசியோ பெர்னினா நிலையத்தில் 2,253 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு, 429 மீட்டரில் இருக்கும் திரானோவுக்கு இறங்குகிறது. இவ்வளவு செங்குத்தான மலையில் பல் சக்கரம் இல்லாமல், சாதாரணத் தண்டவாளத்தில், சக்கரப் பிடிமானத்தை மட்டும் நம்பி ஓடுகிறது. ஏற்றம் சில இடங்களில் நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர். கீழே புரூசியோவில் உயரத்தைக் குறைக்க வேறு வழியில்லாமல் வண்டி ஒரு முழு வட்டம் அடித்து, தான் வந்த பாலத்தின் வளைவுக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. அக்காவிடம் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவள் பென்சிலை வாங்கி என் வட்டத்தைத் திருத்தினாள்.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. அதே தண்டவாளத்தில், அதே பாலங்கள் மேல், அந்தப் பாதையை நடத்தும் ரேஷியன் ரயில்வேயின் சாதாரண வண்டிகளும் பகலெல்லாம் கிட்டத்தட்ட மணிக்கு ஒன்று ஓடுகின்றன. உள்ளூர்க்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போகிற வண்டி. முன்பதிவு வேண்டாம். பெர்னினா எக்ஸ்பிரஸ்ஸில் பாஸ் வைத்திருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். இதில் அது இல்லை. எந்த நிலையத்திலும் இறங்கலாம், அடுத்ததில் ஏறலாம். முக்கியமாக, இந்த வண்டிகளில் இழுத்து இறக்குகிற ஜன்னல் உள்ள பழைய பெட்டிகள் இன்னும் சேர்ந்து வருகின்றன. எல்லாப் பெட்டியிலும் இருக்காது. நடைமேடையில் கொஞ்சம் நடந்து பார்த்து ஏற வேண்டும். கோடையில் சில வண்டிகளில் கூரையே இல்லாத மஞ்சள் பெட்டிகளைக்கூட மாட்டுகிறார்கள்.

கூரையில்லாத பெட்டி என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல் இந்தப் பயணம் அவளுடையதாகிவிட்டது.

அவள் மூன்று விதி போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் வண்டி மாறக் கூடாது. அவரவர் பெட்டியை அவரவரே மூன்று படி தூக்க முடிய வேண்டும். காலையில் எழுந்ததும் எந்த ஊரில் இருக்கிறோம் என்று யோசிக்கிற நிலை வரக் கூடாது. என் முதல் திட்டத்தில் பதினோரு இரவுக்கு எட்டு விடுதி இருந்தது. மூன்றாவது விதி அதற்காகவே போட்டது.

இப்போதைய திட்டம் இப்படி நிற்கிறது: லூசர்னில் மூன்று இரவு, லவுட்டர்புருன்னனில் மூன்று, கூரில் ஒன்று, போன்ட்ரெசினாவில் இரண்டு, கடைசியாக இத்தாலியில் கோமோ ஏரிக்கரை வரென்னாவில் இரண்டு. சூரிக்கில் இறங்கி மிலானிலிருந்து திரும்புவதால் வந்த வழியே திரும்பி வரும் ஒரு நாள் மிச்சம். ரயில் பயணத்துக்கு விமான டிக்கெட் எடுப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். போகிற ஊரும் திரும்புகிற ஊரும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கூரில் அந்த ஒற்றை இரவு வந்த கதை தனி. லவுட்டர்புருன்னனிலிருந்து போன்ட்ரெசினாவுக்கு வரைபடத்தில் பார்த்தால் ஒரு விரல் கடை தூரம். நடுவில் மலை. ரயில் வடக்கே பெர்ன், சூரிக் எல்லாம் சுற்றித்தான் போகும். குறைந்தது நான்கு முறை மாற வேண்டும். அக்காவின் முதல் விதி அங்கேயே உடைந்தது. கெஞ்சி, கூரில் ஒரு இரவு தங்கினால் அந்த நீண்ட நாள் இரண்டாக உடையும் என்று சொல்லி, அந்த ஒரு நாளுக்கு மட்டும் விலக்கு வாங்கினேன். பிறகு யோசித்தால் அதுவே நல்ல முடிவு. கூரில்தான் செயின்ட் மோரிட்ஸ் போகும் மீட்டர் கேஜ் வண்டி புறப்படுகிறது. புறப்படும் நிலையத்தில் காலையில் ஏறுபவருக்கு ஜன்னல் ஓரம் நிச்சயம். தெற்கே போகும்போது வலப்பக்கம் உட்காருவது நல்லது. 65 மீட்டர் உயரத்தில் வளைந்து, நேராகச் செங்குத்துப் பாறைச் சுவரில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும் லாண்ட்வாசர் பாலம் அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். சமேடானில் ஒரே ஒரு மாற்றம், போன்ட்ரெசினா வந்துவிடும்.

சாமான் பெட்டிகளுக்கும் அங்கே ஒரு வழி இருக்கிறது. ஒரு நிலையத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வேறொரு நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம். இந்த வசதி எல்லா நிலையத்திலும் கிடையாது, முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். லவுட்டர்புருன்னனை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாளே பெட்டிகளை போன்ட்ரெசினாவுக்கு அனுப்பிவிட்டு, கூர் இரவுக்கு ஆளுக்கொரு தோள்பையோடு போவதாக உத்தேசம். ஆக அந்த நான்கு மாற்றத்தையும் வெறும் கையோடு கடந்துவிடலாம்.

மாற்றம் என்றாலே எனக்கு ஒரு பயம் உண்டு. சில வருடங்களுக்கு முன் வேறொரு நாட்டில், வேறொரு பயணத்தில், விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தேன். நடுவில் பதினெட்டு நிமிடம். முதல் வண்டி நாற்பது நிமிடம் தாமதம். இரண்டாவது வண்டி போய்விட்டது. அந்த டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும் வகை. கவுன்ட்டரில் இருந்தவர் என் தாளைப் பார்த்துவிட்டு, இரண்டும் வேறு வேறு ஒப்பந்தம் ஐயா என்கிற மாதிரி தோளைக் குலுக்கினார். புதுசாக, அன்றைய விலைக்கு, டிக்கெட் வாங்கினேன். இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அப்படி ஒரே டிக்கெட்டில் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் பாதியும் திரும்பக் கேட்கலாம். அதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அந்தச் சூட்டோடு சுவிஸ் அட்டவணையைப் பார்த்தால் மாற்றத்துக்கு ஆறு நிமிடம், ஏழு நிமிடம் என்று இருக்கிறது. எனக்கு வியர்த்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை மணி நேரம் தள்ளி அடுத்த வண்டியைப் போட்டேன். நாற்பத்தேழு வரி வந்ததே இப்படித்தான்.

பிறகு அந்த நாட்டு ரயில் எப்படி ஓடுகிறது என்று படிக்க ஆரம்பித்தேன். திட்டம் போடுவதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், பயணமே நின்றுபோனாலும் இது வீண் இல்லை. 1982-இல் அவர்கள் நாடு முழுக்க ஒரே தாளத்தில் ஓடும் அட்டவணைக்கு மாறினார்கள். ஒரு தடத்தில் வண்டி 9.04-க்கு என்றால் 10.04, 11.04, 12.04 என்று நாள் முழுக்க அதே நிமிடம். அப்புறம் முக்கியச் சந்திப்புகளை முடிச்சாக வைத்துக்கொண்டார்கள். மணி அடிக்கச் சில நிமிடம் முன்னால் எல்லாத் திசையிலிருந்தும் வண்டிகள் வந்து நிற்கும், பயணிகள் மாறிக்கொள்வார்கள், மணி தாண்டியதும் எல்லாம் கலையும். இதற்காகத்தான் சூரிக்குக்கும் பெர்னுக்கும் இடையே பயணம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக வந்தால் போதும் என்று கணக்குப் போட்டு 2004-இல் புதிய பாதையைத் திறந்தார்கள். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு இல்லை, எவ்வளவு வேகம் தேவையோ அவ்வளவு. கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அந்த அடக்கம் ரொம்பப் பிடித்தது.

ஆக அந்த ஆறு நிமிடம் யாரோ அஜாக்கிரதையாக விட்ட ஆறு நிமிடம் இல்லை. தவறவிட்டாலும் அடுத்தது அரை மணியிலோ ஒரு மணியிலோ அதே நிமிடத்தில் வந்து நிற்கும். சுவிட்சர்லாந்துக்குள் பாஸோ சாதாரண டிக்கெட்டோ குறிப்பிட்ட வண்டிக்குக் கட்டுப்பட்டது இல்லை. (தள்ளுபடி விலையில் விற்கும் சிக்கன டிக்கெட்டுகள் கட்டுப்பட்டவை. நான் சூடுபட்டவன், அவற்றின் பக்கம் போகவில்லை.) அவர்களுடைய நிலையக் கடிகாரம்கூட இப்படித்தான். 1944-இல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. சிவப்பு விநாடி முள் பின்னால் சேர்ந்தது. அந்த முள் நிமிடத்தை ஒன்றரை விநாடி முன்னதாகவே சுற்றி முடித்து, மேலே வந்து நின்று, தலைமைக் கடிகாரத்தின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும். அது வந்ததும் நிமிட முள் டக்கென்று நகரும், சிவப்பு முள் மறுபடி கிளம்பும். இதை அக்காவிடம் சொன்னேன். "அந்த முள்ளுக்கு இருக்கிற பொறுமை உனக்கு இல்லையே" என்றாள்.

நாற்பத்தேழு வரியில் முப்பத்தைந்தை அன்றிரவே அழித்தேன். எப்படியும் அவை செல்லாக் காசு. ஐரோப்பா முழுக்க ரயில் அட்டவணை ஒவ்வொரு டிசம்பரிலும் இரண்டாம் வார இறுதியில் மாறும். நான் நவம்பரில் ஜூன் மாதத்துக்கென்று குறித்து வைத்ததெல்லாம் முடியப்போகிற அட்டவணையின் நேரங்கள்.

பாஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் செலவழித்த நேரம் வெட்கக்கேடு. 33 நாடுகளில் செல்லும் யூரெயில் பாஸ் நாடு நாடாகத் தாவுகிறவர்களுக்குச் சரி. எங்களுக்கு ஒரு நாடும் இன்னொரு நாட்டின் ஓரமும்தான். மிச்சம் இரண்டு: தொடர்ச்சியாக 3, 4, 6, 8, 15 நாள் என்று விற்கும் சுவிஸ் டிராவல் பாஸ், அல்லது ஒரு மாதத்துக்குப் பெரும்பாலான டிக்கெட்டுகளைப் பாதி விலையாக்கும் ஹாஃப் ஃபேர் கார்டு. போகிற ஒவ்வொரு தடத்தின் முழுக் கட்டணத்தையும் எழுதிக் கூட்டினால் எது லாபம் என்று தெரிந்துவிடும். எங்கள் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அக்கா பாஸ் பக்கம் சாய்ந்தாள். லூசர்ன் ஏரிப் படகு, ரிகி மலை ரயில், பேருந்து, அருங்காட்சியகம் எல்லாம் அதில் அடக்கம். நாங்கள் அங்கே சுற்றும் நாட்கள் தொடர்ச்சியாகப் பத்து, எட்டு நாள் பாஸ் இரண்டு நாள் குறைவு. ஒரு மாதத்துக்குள் விருப்பப்பட்ட எட்டு நாளைத் தேர்ந்தெடுக்கும் ஃப்ளெக்ஸ் வகையை வாங்கி, ஊர் சுற்றாமல் ஏரியையோ அருவியையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகும் இரண்டு நாளை அதிலிருந்து விட்டுவிட்டோம். அதே பாஸ் எல்லை தாண்டி திரானோ நிலையம் வரை செல்லும் என்பது கூடுதல் சந்தோஷம்.

3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃப்ராயோக் நிலையத்துக்கு பாஸில் தள்ளுபடி மட்டும்தான். போவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் பேசினோம். அந்த உயரத்தில் அக்காவுக்கு மூச்சு எப்படி இருக்கும் என்று தெரியாது. பேசாமல் 2,061 மீட்டரில் உள்ள கிளைன ஷைடெக் வரை போய், அங்கிருந்து ஐகர், யுங்ஃப்ரா சிகரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு.

இன்டர்லாக்கனில் லவுட்டர்புருன்னன் வண்டி ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஒரே வண்டியாகப் புறப்பட்டு வழியில் ஸ்வைலூட்சினனில் இரண்டாகப் பிரியும். பாதி லவுட்டர்புருன்னனுக்கு, பாதி கிரின்டல்வால்டுக்கு. ஒரே நடைமேடை, ஒரே நேரம், ஆனால் பெட்டி மாறி ஏறினால் ஊர் மாறிவிடும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பலகையைப் பார்த்து ஏற வேண்டும். இதை எக்செலில் சிவப்பில் எழுதியிருக்கிறேன். இதுபோன்ற நுணுக்கங்களுக்கு 'சீட் 61' என்ற இணையதளம் பெரிய உதவி. பிரிட்டிஷ் ரயில்வேயில் வேலை பார்த்த மார்க் ஸ்மித் என்பவர் நடத்துவது. யூரோஸ்டார் வண்டியில் தனக்குப் பிடித்த இருக்கையின் எண்ணையே பெயராக வைத்திருக்கிறார்.

விசா தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக இரவு தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். எங்களுக்கு ஒன்பது இரவு சுவிட்சர்லாந்து, இரண்டு இத்தாலி, குழப்பமில்லை. இரவுகள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து பதினைந்து நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத எதையும் நாங்கள் வாங்கவில்லை. விடுதிகள்கூட ரத்து செய்யக்கூடியவைதான்.

இத்தாலிப் பகுதி எளிது. திரானோவில் சுவிஸ் நிலையமும் இத்தாலிய நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். இங்கே மீட்டர் கேஜ் முடிந்து அங்கே அதைவிட அகலமான ஸ்டாண்டர்ட் கேஜ் தொடங்குவதால் எந்த வண்டியும் தாண்டிப் போக முடியாது. இறங்கி நடந்துதான் ஆக வேண்டும். மிலான் போகும் வட்டார வண்டிக்கு என்றைக்கும் ஒரே விலை, முன்பே வாங்கி வைப்பதில் லாபம் இல்லை. தாள் டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். வரென்னா நெருங்கும்போது ஏரி வலப்பக்கம் வரும்.

இப்போது எக்செலில் பன்னிரண்டு வரி. நேற்று அக்கா மறுபடி வந்து உட்கார்ந்தாள். போன்ட்ரெசினாவிலிருந்து கிளம்பும் நாளில், திரானோவுக்கு முன்னால் 'அல்ப் க்ரூம்' என்று ஒரு வரி, எதிரே காலியாக விட்டிருந்தேன். 2,091 மீட்டரில் ஒரு நிலையம். சாலை கிடையாது, ரயிலில் போகலாம், இல்லாவிட்டால் நடக்கலாம். எதிரே பாலூ பனியாறு, கீழே பள்ளத்தாக்கு.

"இங்க இறங்கி என்ன பண்றோம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. அடுத்த வண்டி வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கோம்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒற்றை விரலால் தேடித் தேடி, அந்தக் கட்டத்தில் 'இரண்டு மணி நேரம்' என்று அடித்துவிட்டு எழுந்து போனாள்.